மூன்றாவது கியர்

அண்ணன் ஆசை ஆசையாய் வாங்கி வைத்திருந்த சீக்வென்ஷியல் கியர்பாக்ஸை, அவன் இறந்து ஆறு மாதம் கழித்து, மெக்கானிக்கான தம்பிதான் அண்ணனுடைய ஸ்போர்ட்ஸ் காரில் மாட்டினான். லீவரைப் பின்னால் இழுத்தால் ஒவ்வொரு கியராக ஏறும், முன்னால் தள்ளினால் இறங்கும். மொத்தம் ஆறு.

தனியாக ஓட்டிப் பார்த்தபோது ஆறும் சொன்ன பேச்சைக் கேட்டன. அண்ணியை ஏற்றிக்கொண்டு போனால் மட்டும் மூன்றுக்கு மேல் ஏறவில்லை. கியர்பாக்ஸை இறக்கி, பிரித்து, பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை. மறுபடி மாட்டினான். தனியாகப் போனால் ஆறு. அண்ணி ஏறினால் மூன்று.

“உங்களைக் கண்டா மட்டும் ஏன் அண்ணி இது இப்படி மக்கர் பண்ணுது?” என்று ஓட்டிக்கொண்டே எரிச்சலோடு கேட்டான்.

பக்கத்தில் சீட் பெல்ட்டை இறுகப் பிடித்திருந்த அண்ணி சொன்னாள். “எனக்கு வேகம்னா உயிரே போயிடும். கல்யாணமான புதுசுல ஒரு நாள் கார்லயே அழுதுட்டேன். அதுக்கப்புறம் நான் கூட இருந்தா உங்கண்ணன் மூணாவது கியரைத் தாண்டினதே இல்ல. பின்னாடி வர்றவன் திட்டினாலும் சிரிச்சுக்கிட்டே ஓட்டுவாரு.”

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தே உயிரை வாங்கியது. தம்பியின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு லீவரைப் பார்த்தாள்.

“பரவால்ல, போங்க. இப்பல்லாம் பயம் இல்ல.”

லீவர் தானாகப் பின்னால் வந்தது, அவள் திடுக்கிடாதபடி, மெதுவாக. மீட்டரில் மூன்று மறைந்து நான்கு வந்தது.