கண்ணைப் பார்த்துப் பேசுங்க

“கண்ணைப் பார்த்துப் பேசுங்க சார். ஆறு வாரமா ரெண்டு பேரும் சீலிங்கையேதான் பார்க்கறீங்க” என்றார் தாம்பரம் குடும்பநல ஆலோசகர் வெண்ணிலா.

தனசேகரும் அவர் மனைவி கோகிலவாணியும் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“காபியில சர்க்கரை கம்மின்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறார் மேடம்” என்று ஆரம்பித்த கோகிலவாணியின் பார்வை மறுபடி மேலே போனது.

“சரி, அடுத்த வாரம் கூடுவாஞ்சேரிக்கு வந்துடுங்க, ஆபீஸ் அங்க மாறுது. இந்த வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்டப்போறாங்க.”

இருவரும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்போ நாங்க வரல மேடம்” என்றார் தனசேகர்.

“உங்க சண்டை இன்னும் தீரலையே சார்?”

“அதெல்லாம் வரும்போது பஸ்ல யோசிச்சு வெச்சுக்கறது. இந்த வாரம் குத்தம் சொல்றது இவ முறை.”

வெண்ணிலா திகைத்தார்.

“கல்யாணமான புதுசுல இந்த ரூம்லதாம்மா வாடகைக்கு இருந்தோம்” என்றார் கோகிலவாணி. “தரை, சுவர் எல்லாம் மாத்திட்டாங்க. மேல அந்தக் கொக்கி மட்டும்தான் மிச்சம். அதுலதான் எங்க பையனுக்குத் தூளி கட்டினோம்.”

“இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு மேடம்?” என்றார் தனசேகர், கொக்கியைப் பார்த்தபடி.

பதினைந்து நிமிடம் இருந்தது. வெண்ணிலா எழுந்து வெளியே வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.