வேப்பமரத்தடியில் நாலாவது புற்று

முதல் புற்றில் பாம்பு குடிபுகுந்தது. இரண்டாவதைக் கரடி கிளறித் தின்றது. மூன்றாவதை எலிகள் குடைந்து பங்கு போட்டுக்கொண்டன. மழைக்குள் வேப்பமரத்தடியில் நாலாவது புற்றைக் கட்டாவிட்டால் குஞ்சுகளெல்லாம் நனைந்தே சாகும் என்று கிழட்டுக் கறையான் செவத்தி ஊர்க்கூட்டத்தில் முறையிட்டாள்.

பாம்பு நாகப்பன் படமெடுத்தார். "உன் கஷ்டம் புரியுது தாயி. ஆனா இது கௌரவமான இடம். வெள்ளிக்கிழமை தவறாம பால் வருது. ஆயிரக்கணக்குல நீங்க வந்து அண்டினா, எங்க புற்றோட மதிப்பு என்னாவது?"

"காத்தோட்டமும் போயிடும்," என்றது எலி, அவரிடமிருந்து நன்றாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டு.

செவத்திக்குச் சிரிப்பு வந்தது. குடைந்தவனுக்குக் காற்றோட்டக் கவலை.

"கௌரவமான இடந்தான் சாமி. அப்போ வழக்கப்படியே நடக்கட்டும்."

பக்கத்தில் வீடு வரக் கூடாது என்பவரின் வாசலில், கட்டியவர் பதித்த பெயரைச் சாட்சிகள் முன் வாசிப்பது அங்கே வழக்கம். நாகப்பன் மறுக்கவில்லை. தினமும் உரசிக்கொண்டு போகிற வாசலை அவர் ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

ஓணான் புற்றின் மேல் ஏறியது. தவளையும் உடும்பும் காதைத் தீட்டிக்கொண்டன. ஈர மண்ணில் பல்லால் கடித்துப் பதித்திருந்த எழுத்துகளைத் தலையாட்டியபடியே ஓணான் உரக்க வாசித்தது:

"செவத்தி."