நவம்பரில் ஜெயிக்கிறவர்

"மாய் நல்ல பொண்ணுதான் டெல்மர், யாரு இல்லேன்னா? ஆனா நவம்பர்ல ஜெயிக்க மாட்டா" என்றாள் ஆர்லிஸ்.

தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே டிரக்கை நிறுத்திவிட்டு, இறங்காமல் மனைவியோடு உட்கார்ந்திருந்தார் டெல்மர். உள்ளே உட்கட்சித் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. மாநில மேலவைக்கான நவம்பர் தேர்தலில் தங்கள் கட்சி சார்பில் யார் நிற்பது என்று இன்று முடிவாகிவிடும். ஒரு பக்கம், ஆசியாவிலிருந்து குடியேறிய குடும்பத்து ஆஸ்பத்திரி நர்ஸ் மாய் ஷியோங். இன்னொரு பக்கம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் டாட் க்ரூகர்.

"டாட் பேச ஆரம்பிச்சா பசுமாடெல்லாம் நின்ன வாக்குலயே தூங்கிடும்" என்றார் டெல்மர்.

"தூங்கட்டுமே. அந்த ஆளு மான் வேட்டைக்குப் போறார், வெள்ளிக்கிழமையானா சர்ச்சு விருந்துக்கு மீன் பொரிக்கிறார். யாருக்கும் அவரைப் பார்த்தா பயமில்ல. ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரங்க மாயோட பேரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுக்குள்ள ஓட்டுச்சாவடியையே மூடிடுவாங்க."

"உன் இடுப்பு ஆபரேஷனப்ப உன்னைக் குழந்தை மாதிரி பாத்துக்கிட்டது யாரு?"

"மாய்தான். அதனாலதான் சொல்றேன். அவ தோத்துப் போய் நிக்கிறதை என்னால பாக்க முடியாது."

சாலைக்கு அப்பால் மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்து நின்றது. டெல்மர் அதைப் பார்த்தபடியே கேட்டார்:

"தொண்ணூறாம் வருஷம் ஞாபகம் இருக்கா?"

"அது மறக்குமா!" ஆர்லிஸின் முகம் மலர்ந்தது.

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். இதே மேலவை இடத்துக்கு, முன்னாள் ஷெரிஃப் வேன் புல்லரை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நின்றாள். அவளைக் கல்யாணம் செய்து ஆறு வருடமாகியிருந்த டெல்மர்தான் அவளுக்குப் பிரசாரத் தலைவர், டிரைவர், போஸ்டர் ஒட்டுபவர் எல்லாம்.

"பலகை தீர்ந்துபோச்சுன்னு உங்கம்மாவோட படுக்கை விரிப்பில என் பேரை எழுதி வேலியில கட்டினியே!"

"மழையில பெயிண்ட் ஒழுகி, வேலியோரம் படுத்திருந்த மாடெல்லாம் நீலமாயிடுச்சு."

"அதுலயும் என் பேர்ல ஒரு எழுத்தை விட்டுட்டே."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"போன வீட்டிலெல்லாம் 'பை' பலகாரம் சுட்டுக் குடுத்தாங்க" என்றாள் ஆர்லிஸ். "ஒரே நாள்ல ஏழு பை, எல்லாம் புளிப்பு ருபார்ப் தண்டு வெச்சது. உக்கார வெச்சு, காபி ஊத்தி, கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எங்களுக்கு உன்னைத்தாம்மா பிடிச்சிருக்கு. ஆனா நவம்பர்ல ஜெயிக்கிற ஆளு வேன்தான்'ம்பாங்க."

"ஜெயிக்கிற ஆளு நவம்பர்ல நாலாயிரம் ஓட்டுல மண்ணைக் கவ்வினான்."

"கவ்வினா கவ்வட்டும். அந்தக் கோடைகாலத்தை யாராவது திருப்பிக் குடுத்தா, அந்த ஏழு பையையும் மறுபடி தின்னத் தயார்."

டெல்மரின் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆர்லிஸ், முப்பத்துநாலு வருஷமா ஒண்ணைச் சொல்லாம வெச்சிருக்கேன். அன்னிக்கு நான் உனக்கு ஓட்டுப் போடல. வேனுக்குப் போட்டேன்."

ஆர்லிஸ் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"உன்னைப் பிடிக்காம இல்ல" என்றார் அவசரமாக. "வீடு வீடா அதையே கேட்டுக் கேட்டு, மறைப்புக்குள்ள போனதும் கை தானா அங்க போயிடுச்சு. மூணே மூணு ஓட்டுல நீ தோத்தே. என் ஓட்டு அவனுக்குப் போகாம உனக்கு வந்திருந்தாலும் ஒரு ஓட்டுல தோத்துத்தான் இருப்பே. அதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் மனசைத் தேத்திக்கிட்டேன். இன்னிக்கு நீயும் அதே தப்பைப் பண்ணாதே."

ஆர்லிஸ் கதவைத் திறந்து, இடுப்பைப் பிடித்தபடி இறங்கி, உள்ளே போனாள். டெல்மர் பத்தடி தள்ளியே பின்னால் நடந்தார்.

ஓட்டுப் போட்டுவிட்டு அவர் வெளியே வந்தபோது, ஆர்லிஸ் டிரக்கில் சாய்ந்து நின்றிருந்தாள். அழுதிருந்தாள் என்பது தெரிந்தது.

"யாருக்குப் போட்டே?" என்றார் தயங்கி.

"மாய்க்கு."

"நானும்தான்." டிரக் கதவை அவளுக்குத் திறந்துவிட்டு, "என்மேல கோபமா?" என்றார்.

"இல்ல. ஆனா நான் எப்படியும் தோத்திருப்பேன்னு சொன்னியே, அது தப்பு. உன் ஓட்டோட இன்னும் ஒரே ஒரு ஓட்டு மாறி விழுந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்."

"அது சரி. ஆனா அந்த இன்னொரு ஓட்டு யாரோடது?"

"என்னோடது" என்றாள் ஆர்லிஸ். "அன்னிக்கு நானும் வேனுக்குத்தான் போட்டேன்."