மாத்திரை வாசம்

கோழிப்பண்ணைக் கதவின் மோப்பக் கருவி பாவாத்தாளின் கையை மோந்து பார்த்துவிட்டுச் சிவப்பாக எரிந்தது. எத்தனை சோப்புப் போட்டும் மாத்திரை வாசம் போகவில்லை.

"வீட்டுல யாருக்காச்சும் ஆன்டிபயாடிக் குடுத்தீங்களாக்கா?" என்றான் சூப்பர்வைசர். "அந்தக் கையோட கோழியத் தொட்டா, கறியில மருந்து இருக்குதுன்னு லோடே திரும்பி வந்துரும்."

"பையனுக்கு நெஞ்சுச்சளிங்க தம்பி. மூச்சு வாங்குது."

இன்னும் பாதி அட்டை மாத்திரை பாக்கி. வேலையும் போய்விடக் கூடாது.

"மாத்திரைய நிறுத்திட்டு இதைக் குடுங்க." கோழித் தண்ணீரில் கலக்கும் நிலவேம்புச் சாற்றை நீட்டினான். "ஷெட்டு முழுக்க இதுலதான் பொழைச்சுக் கெடக்குது."

வாங்கப் போன கை பாதியில் நின்றது. சாற்றை வாங்காமலே வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"கோழி கறிக்குப் போற வரைக்கும் நாப்பது நாள் இருந்தாப் போதுமுங்க தம்பி. எம் பையன் அதுக்கு மேலயும் இருக்கோணும்."