கம்பிக்குப் பின்னால் ராயப்பர்

கடற்கரைக் கோயிலுக்கு பெர்க்மான்ஸ் செய்து கொடுத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் முதல் ஆடிக் காற்றிலேயே சரிந்து விழுந்தது. இந்த முறை, சொர்க்கத்தின் சாவியோடு நிற்கும் மீனவப் புனிதர் ராயப்பரை ஈயப் பட்டைகளால் கோத்து, உட்புறம் நான்கு இரும்புக் கம்பிகளை நெடுக்குவாட்டில் பற்றவைத்தான். வெயில் ஏறியதும் பாதிரியார் பார்த்தார். “என்னப்பா, ராயப்பரை லாக்கப்புல போட்டுட்டியே! நாளைக்கு ஆயர் வாராரு. கம்பிய எடு.” “எடுத்தா ஆயர் தலையிலதான் விழுவாரு, ஃபாதர்.” “எடுன்னா எடு.” பெர்க்மான்ஸ் இரும்பறுக்கும் ஹேக்ஸாவோடு ஏணியில் ஏறினான். கீழே அல்போன்சா வந்து நின்றாள். அவள் புருஷன் கடலில் எல்லை தாண்டியதாகப் படகோடு பிடிபட்டு அக்கரைச் சிறையில் கிடக்கிறான், நாற்பது நாளாகிறது. “அண்ணே, கைய வைக்காதிய. உள்ள கெடந்தாத்தான் அவருக்கும் தெரியும். சாவி அவரு கையிலதான இருக்கு? மொதல்ல எங்க வீட்டு ஆளத் தொறந்து வுடட்டும். பெறவு அவரு வெளிய வரட்டும்.” அவள் பின்னால் இன்னும் ஆறு பெண்கள் மெழுகுதிரிகளோடு நின்றார்கள். பாதிரியார் ஏணியடிக்கு வந்தார். பிறகு கையை உயர்த்தி ஹேக்ஸாவை வாங்கிக்கொண்டார். பெர்க்மான்ஸ் உடனே இறங்கவில்லை. ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து, ஆடுகிறதா என்று உலுக்கிப் பார்த்தான்.