மூன்று முகங்களும் ஒரு துணியும்

ஓர் ஓவியரின் அறையில், பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணி ஒன்று இருந்தது. தூரிகைகளைத் துடைப்பதுதான் அதற்கு வேலை. ஒரே ஒரு முறையாவது படத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று அதற்குக் கொள்ளை ஆசை.

"நீ தொட்டா படமே அழிஞ்சு போயிடும்டா, அழுக்கா!" என்று பெரிய தூரிகை சிரிக்கும்.

அன்று ஓவியர், கரண்ட் போன வீட்டில் மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்து தாயம் ஆடும் மூன்று பேரை வரைந்துகொண்டிருந்தார். வெள்ளை கேன்வாஸ் முழுவதும் கரும்பழுப்பு எண்ணெய் வண்ணம் பூசியாயிற்று. இருட்டு நன்றாக வந்துவிட்டது, முகங்கள்தான் வரவில்லை. பெரிய தூரிகை எவ்வளவு வெள்ளையை அள்ளி வைத்தாலும், அது ஈரப் பழுப்போடு குழைந்து சாம்பலாகிப்போனது.

சலித்துப்போன ஓவியர் துணியை எடுத்தார்.

"போ, போ. அழிக்கத்தான் கூப்பிடுறாங்க" என்றது தூரிகை.

துணிக்கு அழுகை முட்டியது. ஆசைப்பட்டது இதற்குத்தானா? ஆனாலும் முதல் முகத்தின் மேல் மெல்லப் படிந்து வண்ணத்தை ஒற்றி எடுத்தது. அடியிலிருந்த வெள்ளை, மிச்சப் பழுப்பின் வழியே பொன்னாகத் தெரிந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது போலவே இருந்தது!

"அட!" என்ற ஓவியர் துணியை விரலில் சுற்றிக்கொண்டார். அடுத்து நெற்றி வந்தது, கன்னம் வந்தது, தாயம் விழுந்தவனின் சிரிப்பும் வந்துவிட்டது.

சாம்பல் வண்ணம் அப்பிய மயிரோடு பெரிய தூரிகை ஓரமாகக் கிடந்தது. "அண்ணே, என்னைக் கொஞ்சம் துடைச்சு விடுறீங்களா?"

"இருப்பா, இன்னும் ஒரு மூக்கு பாக்கி இருக்கு" என்றது துணி.