மார்பில் இறுகிய கயிறு

புயலை வரைவதற்காகப் பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்ட பழைய ஓவியர் ஒருவரைப் பற்றி இளமுருகு படித்திருந்தான். அதனால், புயல் எழுந்த அன்று, கடலோரப் பாறையில் நின்ற இரும்புத் தூணோடு தன் மார்பைச் சேர்த்துக் கட்டச் சொன்னான். இடக்கையில் பலகை, வலக்கையில் தூரிகை. மனைவி ஜெசிந்தா கட்டினாள். மீனவர் வீட்டுப் பெண். அவளுக்கு முடிச்சு தெரியும்.

"நான் கெஞ்சினாலும் அவுக்கக் கூடாது, சரியா?"

"கெஞ்சத்தான் போறீங்க, பாருங்க" என்று சிரித்து, அவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

மூன்றாவது அலை அவனைத் தூணில் அறைந்தது. விலா எலும்பு உடையும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அடுத்தது அவன் தலைக்கு மேலேறி இறங்கியது. ஓடிவந்து பார்த்தாள், நனைந்த முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. வண்ணம் கலக்கும் மொண்ணைக் கத்தி கயிற்றில் பட்டு வளைந்தது.

"போதுங்க! செத்துடுவீங்க!"

"தள்ளு, கடலை மறைக்காத!"

அவள் மார்புக் கயிற்றைப் பல்லால் கடித்தாள். ஈறு கிழிந்து ரத்தம் கொட்டியது. புரிகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசிப் புரி மட்டும் மிஞ்சியது. அதுவரை அவள் தலைக்கு மேல் ஓயாமல் ஓடிய தூரிகை நின்றது.

"சிவப்பை அலை கொண்டுபோயிடுச்சு" என்றான்.

தூரிகை இறங்கி, அவள் உதட்டை வழித்துக்கொண்டு பலகைக்குத் திரும்பியது.

அடுத்த அலை எழுந்தது. ஜெசிந்தா கயிற்றிலிருந்து வாயை எடுத்தாள்.